வெயில் மேல் போட்ட பழி

என் தங்கச்சிக்கு ஒரு பழக்கம். பந்து தன்னிடம் வந்து சேர்வதற்குள் கழுத்தைத் திருப்பி முதுகுப் பக்கம் பார்த்துவிடுவாள். வலது தோளுக்கு மேலே ஒரு தரம், இடது தோளுக்கு மேலே ஒரு தரம். பந்து பாதி தூரம் வந்த பிறகு, சந்தேகம் தீராதவள் போல, இன்னொரு தரம். நான் வேலை பார்க்கும் திண்டிவனம் ஜவுளிக்கடையில் மூன்றாவது மாடி முழுக்கச் சரக்கு. மத்தியானம் சாப்பாட்டுக்கு விடும் அரை மணி நேரத்தில் அங்கே வேட்டிக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஒரு கையில் தயிர்சாதமும் மறு கையில் போனுமாக, அவள் ஆடிய ஆட்டங்களைப் பார்ப்பேன். கோல் போடுகிறவளின் அக்காவாக இருந்தால் அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனை வைத்துவிடலாம். நடுக்களத்தில் ஆடுகிறவளின் அக்காவுக்கு அந்த வசதி கிடையாது. தொண்ணூறு நிமிஷமும் அவள் ஓடிக்கொண்டே இருப்பாள். மறுநாள் பேப்பரில் அவள் பேர் இருக்காது. அதனால் ஒரு ஆட்டத்தை மூன்று நாள் சாப்பாட்டுக்குப் பிரித்துவைத்துக்கொண்டு பார்க்கிறேன்.

கடையில் புடவைப் பக்கம் நிற்கும் அக்கா ஒருத்தி எப்போதாவது எட்டிப் பார்ப்பாள். "இன்னாடி, உன் தங்கச்சி எதையோ தொலச்சிட்டாப்புல திரும்பித் திரும்பிப் பாத்துக்கினே இருக்குது?" என்றாள் ஒரு நாள். "அப்பிடித்தான்க்கா ஆடணும்" என்றேன். அது பொய் இல்லை. ஆட்டத்தின்போது ஆங்கிலத்தில் பேசுகிறவர்கள்கூட அந்தக் கழுத்தைத்தான் புகழ்கிறார்கள். அரைகுறை ஆங்கிலக்காரியான எனக்கே அது புரிகிறது. ஒரு பேட்டியில், இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று அவளிடம் கேட்டார்கள். "தானா வந்துச்சிங்க" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்தபோது, இடது புருவத்தின் நடுவில் முடி முளைக்காமல் போன கோடு ஒன்று மேலே ஏறி இறங்கியது. தானாக வரவில்லை. அந்தக் கோடும் கழுத்தின் திருப்பமும் ஒரே சாயங்காலத்தில் வந்தவை. இரண்டுக்கும் காரணம் நான்.

எங்கள் ஊர் வல்லத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊரைச் சுற்றி மல்லாட்டைக் கொல்லைகள்; வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அதில் ஒரு சாண்கூட எங்களுடையது இல்லை. அம்மா களை எடுக்கவும் மல்லாட்டை பிடுங்கவும் போவாள். அப்பா செஞ்சியில் ஒருவருடைய குட்டியானை வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். கால்பந்து எங்களிடம் வந்து சேர்ந்ததே ஒரு வேடிக்கை. எந்தப் புண்ணியவானோ பள்ளிக்கூடத்துக்கு ஆறு பந்து வாங்கிக் கொடுத்துவிட்டார். பையன்கள் கிரிக்கெட் மட்டையைக் கீழே வைக்கவே மாட்டோம் என்று நின்றார்கள். பந்துகள் ஒரு வருஷம் பீரோவுக்குள் கிடந்தன. அப்புறம் பி.டி. மிஸ், "பொண்ணுங்களாச்சும் எடுத்து ஒதைங்கடி, வாங்கிக் குடுத்தவரு ஒரு நாளு வந்து பாத்தா நான் இன்னா பதில் சொல்றது?" என்று எங்களிடம் தள்ளிவிட்டார். வாங்கிக் கொடுத்தவர் கடைசிவரை வந்து பார்க்கவில்லை. ஆனால் நாங்கள் உதைத்துக்கொண்டே இருந்தோம்.

நான் அப்போதே நெடுநெடுவென்று வளர்ந்திருந்தேன். அதனால் பின்னால் நின்று தடுக்கிற இடம் எனக்கு. தங்கச்சி என்னைவிட இரண்டு வயது இளையவள், உருவத்தில் நாலு வயது இளையவள். முன்னால் விட்டால் பெரிய பெண்கள் இடித்துத் தள்ளிவிடுவார்கள், பின்னால் விட்டால் தலைக்கு மேல் வரும் பந்து எட்டாது. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் நடுவில் நிறுத்தினார்கள். நடுவில் நின்றபிறகுதான் தெரிந்தது, அவளுக்கு மூச்சே வாங்காது என்று. ஏரி உள்வாயில் தண்ணீர் வற்றிய மாதங்களில் நாங்கள் ஆடும்போது, மற்றவர்கள் இடுப்பில் கை வைத்து நிற்கும் நேரத்திலும் அவள் ஒருத்தி மட்டும் மூலைக்கு மூலை போய்க்கொண்டிருப்பாள். பேச்சு கம்மி. சாப்பிடுவதற்கும் மூச்சு விடுவதற்கும் மட்டும்தான் அவளுக்கு வாய். மீதி வாயையும் நான் வாங்கி வந்துவிட்டேன் என்று அம்மா சொல்வாள். "உன் தொண்டைக்கு மைக்செட்டே வாணாம்டி, கோயில் திருவிழாவுக்கு உன்னையே கட்டி உட்லாம்" என்பாள்.

அந்தத் தொண்டைக்கு ஆட்டத்தில் ஒரு வேலை இருந்தது. நடுவில் ஆடுகிறவளுக்கு ஒரு சங்கடம் உண்டு. பின்னாலிருந்து நான் பந்தைத் தட்டிவிட்டால் அவள் என் பக்கம் பார்த்துத்தான் அதை வாங்க வேண்டும். அப்போது எதிராளி வருவதெல்லாம் அவள் முதுகுக்குப் பின்னால். அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அப்பா வண்டியின் பக்கவாட்டில் இருக்கும் கண்ணாடி மாதிரி, அவள் என் முகத்தைப் பார்த்துத் தன் முதுகைத் தெரிந்துகொள்வாள். யாராவது நெருங்கினால் நான் "ஆளு!" என்று கத்துவேன். கத்தினால் பந்தைத் தொட்டதும் பக்கத்தில் யாரிடமாவது தள்ளிவிட்டு இடதுபக்கம் ஓரடி ஒதுங்கிவிடுவாள். நான் ஒன்றும் சொல்லாவிட்டால் பின்னால் யாரும் இல்லை, தாராளமாகத் திரும்பலாம் என்று அர்த்தம். மற்ற பெண்கள், பின்னால் ஆள் இல்லாவிட்டால் "டைம் இருக்கு, டைம் இருக்கு" என்று கூவுவார்கள். எங்களுக்குள் அது தேவைப்படவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதுவே உத்தரவாதம்.

இந்தச் சொல் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ஏரியில் ஆடும்போது மேய்கிற கன்றுக்குட்டி முதுகுப் பக்கம் வந்தாலும் "ஆளு!"தான். அப்பாவின் போனை எடுத்து அவள் நோண்டிக்கொண்டிருக்கும்போது தெருமுனையில் அவர் தலை தெரிந்தால் "ஆளு!" அம்மா அடுப்பில் வேகவைத்த மல்லாட்டையை அவள் பாவாடையில் அள்ளும்போது அம்மா உள்ளே வந்தால் "ஆளு!" அவள் திரும்பிப் பார்க்கவே மாட்டாள். என் குரல் காதில் விழுந்ததும் உடம்பு தானாக இடதுபக்கம் நகரும். அம்மாவின் கை காற்றை அடிக்கும். "ரெண்டும் கூட்டுக் களவாணிங்க" என்று அம்மா கத்துவாள். அந்தப் பேர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருஷம், அவள் பத்து முடித்தாள். விளையாட்டு விடுதிக்குப் பிள்ளைகளை எடுக்க விழுப்புரம் மைதானத்தில் தேர்வு ஆட்டம் வைத்தார்கள். எடுத்துவிட்டால் ஜூன் மாதத்திலிருந்து விடுதி. ஏழு மணி நேரம் பஸ்ஸில் போகிற ஊர். எனக்கு வயது தாண்டிவிட்டது. ஆனால் ஆடிக் காட்ட இரண்டு பக்கமும் முழு அணி வேண்டுமே, அதனால் எங்கள் பள்ளி அணியில் என்னையும் சேர்த்து நிறுத்தினார்கள். அவளுக்கு அந்த ஒரு ஆட்டம்தான் எல்லாம். பத்து நாளாக ராத்திரி தலையணைக்குக் கீழே காலுறையை மடித்து வைத்துக்கொண்டு தூங்கினாள். ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று அவள் ஒரு தரம்கூட வாயால் சொன்னதில்லை; ஆனால் அவள் சாப்பிடாமல் எழுந்தது அந்தப் பத்து நாளில்தான். திண்டிவனத்தில் பஸ் மாறி விழுப்புரம் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் என் பக்கம் திரும்பி, "நீ கூப்ட்டுக்கினே இருந்தா போதும்க்கா. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றாள். அவள் கணக்கில் அது ஒரு பெரிய சொற்பொழிவு.

நான் சந்தோஷமாக இல்லை. இதைச் சொல்ல எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. அவள் போய்விட்டால் அந்த ஒற்றை அறை வீட்டில் நானும் அம்மாவும் அப்பாவும் எனக்குப் பார்க்கத் தொடங்கியிருந்த மாப்பிள்ளைப் பேச்சும்தான் மிஞ்சும். பள்ளியும் முடிந்துவிட்டது, பந்தும் முடிந்துவிட்டது. யார் முகத்தைப் பார்த்து நான் கத்துவேன்? பொறாமை என்று சொன்னால் அது எனக்கு மரியாதையாகக்கூட இருக்கும். பொறாமை இல்லை. அவளை விட்டுவிட்டு இருக்க எனக்குப் பயம்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். எங்கள் கோல் கிழக்கே இருந்தது. நான் மேற்கே பார்த்து நின்றேன், எதிரே சூரியன். முதல் பாதியில் எல்லாம் சரியாக நடந்தது. நான் கத்தினேன், அவள் ஒதுங்கினாள். நான் சும்மா இருந்தேன், அவள் திரும்பிப் பந்தை எடுத்துக்கொண்டு பறந்தாள். கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மூன்று பேரில் ஒருவர் அவளைக் காட்டிப் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். அந்த விரலை நான் பார்த்தேன். அடுத்த சில நிமிஷத்தில் பந்து என் காலுக்கு வந்தது. தங்கச்சி பத்தடி எதிரே வந்து நின்று கேட்டாள். தள்ளிவிட்டேன். அவளுக்குப் பின்னால் எதிரணியின் பெரிய பெண், எங்களையெல்லாம்விட ஒரு பிடி உயரமானவள், ஓடி வந்துகொண்டிருந்தாள். வாயைத் திறந்துவிட்டேன். மூச்சையும் இழுத்துவிட்டேன். தங்கச்சி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் திரும்பினாள். பந்துக்குக் குனிந்து பாய்ந்த அந்தப் பெண்ணின் நெற்றி அவள் புருவத்தில் இடித்த சத்தம், தேங்காயைக் கல்லில் உடைத்த மாதிரி, எனக்குக் கேட்டது. முதலில் ஓடிப்போனது நான்தான். புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. என் சட்டை நுனியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "வெயிலு கண்ண கூசிடுச்சிடி, அவ வந்தது தெரியல" என்று சொன்னேன். யாரும் கேட்காமலே சொன்னேன். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சூரியனைத் திரும்பிப் பார்த்து ஆமாம் என்று தலையாட்டினார்கள். தங்கச்சி ஒரே கண்ணால் என்னைப் பார்த்தாள். தலையைச் சுற்றித் துணியைக் கட்டிக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று எல்லாரும் தடுத்ததையும் கேட்காமல், மறுபடி உள்ளே இறங்கினாள்.

அதற்குப் பிறகு நான் தொண்டை கிழியக் கத்தினேன். ஆள் இருந்தாலும் கத்தினேன், இல்லாவிட்டாலும் கத்தினேன். அவள் என் குரலைக் கேட்கவில்லை. பந்து வருவதற்கு முன்னால் தானே கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். வலது பக்கம், இடது பக்கம், மறுபடி ஒரு தரம். ஒரு கண் கட்டிய பெண் அப்படிச் சுற்றிச் சுற்றிப் பார்த்து ஆடியதைக் கண்டு நாற்காலிக்காரர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். எடுத்தவர்கள் பட்டியலில் முதல் பேரே அவளுடையதுதான். அவளைப் பிடித்து நிறுத்தி வைக்க நினைத்து நான் செய்த காரியம்தான் அவளைக் கையோடு அனுப்பி வைத்தது. பஸ்ஸில் திரும்பும்போது அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் ஊர் வந்து சேரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

விடுதி, அதன் பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் சென்னையில் கல்லூரி, மாநில அணி. அப்புறம் கேரளத்தில் ஒரு கிளப் அவளுக்கு ஒப்பந்தம் கொடுத்தது. ஆடிச் சம்பாதிக்கிறாள் என்பதை அப்பாவால் நம்பவே முடியவில்லை. கூடவே வேலையும் ஏதாவது பார்க்கிறாளா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முதல் பருவம் முழுக்க அவளை வெளியிலேயே உட்கார வைத்தார்கள், உருவம் சின்னது என்று. "ஒக்காந்து ஒக்காந்து பேஜாரா இருக்குதுக்கா" என்று போன் பண்ணினாள். "வந்துடுடி" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்தத் தடவை வேறு விதமாக வாயை மூடிக்கொண்டேன். கடைசி ஆட்டத்தில் யாருக்கோ கால் சுளுக்கி, பதினைந்து நிமிஷத்துக்கு இவளை இறக்கினார்கள். அந்தப் பதினைந்து நிமிஷத்துக்குப் பிறகு யாரும் அவளை உட்கார வைக்கவில்லை. கோவா, அப்புறம் கொல்கத்தா. நடுவில் முழங்கால் அறுவை சிகிச்சை ஒன்று, இந்திய அணி முகாமுக்கு இரண்டு தடவை அழைப்பு. வருஷத்துக்கு நாலு நாள் ஊருக்கு வருவாள். நாலு நாளும் தூங்குவாள்.

எனக்குக் கல்யாணம் ஆனது. திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் வாடகை வீடு. கட்டிக்கொண்டவர் நல்ல மனுஷர், ஒன்றும் குறை இல்லை. பந்தைத் தொட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று. சத்தியமாகச் சொல்கிறேன், பந்துக்காக நான் ஏங்கவில்லை. ஒருத்தி என் முகத்தைப் பார்த்தே தன் முதுகுக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் தெரிந்துகொண்டாளே, அதற்குத்தான் ஏங்குகிறேன். இந்த ஊரில் என் வார்த்தையை நம்ப யாருக்கும் தடையில்லை. ஜாக்கெட் துணி சாயம் போகாது என்று சொன்னால் நம்பி வாங்கிப் போகிறார்கள். ஆனால் நான் பேசாமல் இருப்பதை நம்பியவள் அவள் ஒருத்திதான். போனில் அந்தக் கழுத்து திரும்பும்போதெல்லாம், என்னிடமிருந்து ஒவ்வொரு தரமும் அது திரும்பிக்கொள்கிற மாதிரி எனக்கு இருக்கும்.

போன மாதம் வந்திருந்தாள். அப்பாவுக்குச் சர்க்கரை கூடிப்போய் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார். அவரைப் பார்க்கத்தான் வந்தாள். ஊரில் மூன்று நாள் இருந்துவிட்டுக் கடைசி நாள் என் வீட்டுக்கு வந்தாள். மத்தியானம். தரையில் படுத்துக் காலிரண்டையும் சுவரில் நட்டுக்குத்தாக வைத்துக்கொண்டு, வயிற்றின்மேல் ஒரு கிண்ணம் அவித்த மல்லாட்டையை வைத்து உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். முழங்காலில் தையல் போட்ட தழும்பு. நான் போனில் அவளுடைய ஆட்டம் ஒன்றைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். கழுத்து திரும்பியது. ஏன் அந்த நேரத்தில் என்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கி விழுப்புரத்துல வெயிலெல்லாம் கூசலடி. அவ வர்றத நான் பாத்தேன். நீ போயிடக் கூடாதுன்னு வாய மூடிக்கினேன்."

மல்லாட்டை ஓடு ஒன்று உடையும் சத்தம் கேட்டது. "தெரியும்க்கா" என்றாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"எனக்குப் பின்னாலதான வெயிலு? என் நெழலுக்குப் பக்கத்துல இன்னொரு நெழலு ஓடியாந்துச்சி. நல்லா நீட்டமா. பாத்தேன்."

"பாத்தியா? பாத்துட்டும் ஏண்டி திரும்பின?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. அடுத்த மல்லாட்டையை எடுத்து விரலால் அழுத்தினாள். "நீதான் கூப்டலயே" என்றாள்.

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்ப் பால் பொங்குகிறதா என்று பார்க்கிற மாதிரி வெறும் அடுப்பு முன்னால் நின்று அழுதேன். தன் கண்ணால் கண்ட நிழலைவிட என் மூடிய வாயை நம்பியிருக்கிறாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து, "டீ போடறதா இருந்தா ஜல்தி போடுக்கா, தூக்கம் வருது" என்று குரல் வந்தது. டீ போட்டேன். குடித்துவிட்டுத் தூங்கிப்போனாள். மன்னித்தாளா இல்லையா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அத்தனை பெரிய வாய்க்காரிக்கு.

மறுநாள் காலையில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு வழியனுப்பப் போனேன். சென்னை போய் அங்கிருந்து ரயில். கூட்டம் நெரிந்தது. அவள் தோளில் பெரிய பையை மாட்டிக்கொண்டு, பஸ்கள் நுழைகிற வழிக்கு முதுகைக் காட்டி, என் முகத்தைப் பார்த்து நின்று பேசிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு எந்த மாத்திரை காலையில், எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் காதில் வாங்கினேனா என்று தெரியாது. அந்தப் புருவக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அவளுக்குப் பின்னால் வாழைத்தார் ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று சரிவில் பிடி நழுவி வேகமாக வந்தது. தள்ளுகிறவரின் தலைகூடத் தெரியாத அளவுக்குத் தார்.

"ஆளு!"

பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறம் அந்தச் சொல் என் தொண்டையிலிருந்து வந்தது. பஸ் ஸ்டாண்டில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். டீக்கடைக்காரர் பார்த்தார், நேரம் குறிக்கிறவர் பார்த்தார். அவள் கழுத்து மட்டும் திரும்பவில்லை. கண் என் முகத்திலேயே இருந்தது. இடதுபக்கம் ஓரடி ஒதுங்கினாள். அவள் நின்றிருந்த இடத்தின் மேல் வண்டி தடதடவென்று உருண்டு போயிற்று.

"வெள்ள மாத்திர தீந்துபோச்சிக்கா," என்று விட்ட இடத்திலிருந்து சொன்னாள், "ஞாபகமா வாங்கிக் குடு."